தவளை அடித்து அண்ணன் விழுந்த ஞாயிறு

1

போன வருஷம் இதே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், எங்கள் தோ பாயோ வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: நான். என் கணவர், செம்பவாங் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவர், அன்று விடுமுறை, பனியனோடு சோபாவில். எங்கள் ஒரே மகன் சேகர்; பாலிடெக்னிக் முடித்துவிட்டு, தேசிய சேவை என்கிற கட்டாயப் பட்டாளத்துக்கு அழைப்பு வரக் காத்திருந்தவன். கீழ்மாடி மேரி அக்கா. மாதா கோயிலில் பூசை முடிந்து, என் இட்லிச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டவர்.

ஆக நான்கு பேர். இனி கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்தவர்கள்: முன்வரிசையில் என் கணவர், என் அண்ணன், மேரி அக்கா. பின்வரிசையில் அண்ணன் மகள் கமலா, சேகர், கடைசியாக நான். ஆறு பேர்.

கூட்டிப் பார்த்தால் நாங்கள் நால்வரும் இரண்டு இடத்திலும் இருந்தோம். அண்ணனும் கமலாவும்தான் பெட்டிக்குள் மட்டும் இருந்தார்கள். அவர்கள் உடம்போடு இருந்தது பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில். நான் கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை காலத்தில் இந்த ஆறு பேரும் ஒரே இடத்தில் சேர்ந்து நின்றது அந்தப் பெட்டிக்குள் மட்டுமே.

அங்கே வைத்துத்தான் ஒரு தவளை என் அண்ணனை அடித்துக் கொன்றது.

2

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். டிவி மாதிரி ஒரு பெட்டி. முன்னால் டைப்ரைட்டர் மாதிரி ஒரு பலகை. பக்கத்தில் உண்டியல் வாய் போல ஒரு பிளவு. அதில் அப்பளம் கனத்துக்கு ஒரு சதுரத் தட்டைச் செருகினால், கரகரவென்று சத்தம் போட்டுவிட்டு விளையாட்டு வரும். சேகர் லீவில் ஒரு கிடங்கில் வேலை செய்து, அந்தச் சம்பளத்தில் ஜாலான் புசாரில் ஒரு மாடிக்கடையில் பழையதாக வாங்கி வந்தான். அந்தப் பணத்துக்கு ஒரு சங்கிலி எடுத்திருக்கலாம் என்று நான் அழுதேன். கரண்டு பில் ஏறும், கண் கெடும், மழைக் காலத்தில் இடி இறங்கும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

"மா, நீ ஒரு தடவ வந்து உக்காந்து பாரு லா" என்றான், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வைச் சேர்த்து.

உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

இந்த வகை விளையாட்டுக்கு ரோல்-பிளேயிங் என்று பெயர். கூத்தில் வேஷம் கட்டுகிற மாதிரி. ஆறு பேரை நாமே உண்டாக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் பலம் இவ்வளவு, புத்தி இவ்வளவு, அதிர்ஷ்டம் இவ்வளவு என்று பங்கு போட்டுக் கொடுத்து, ஒரு தொழிலையும் கொடுத்து, பாதாளத்துக்குள் இறக்கிவிட வேண்டும். உள்ளே பூதம், கொள்ளைக்காரன், பூட்டிய பெட்டி எல்லாம் இருக்கும். எங்களுடையது படி எடுத்த தட்டு, அதனால் விளக்கப் புத்தகம் கிடையாது. கடைக்காரர் கொடுத்த இரண்டு மங்கலான தாள்தான். மற்றதெல்லாம் அடிபட்டுத் தெரிந்துகொண்டது.

முதல் நாளே வம்பு பெயரில் ஆரம்பித்தது.

"ஆறு பேரு சொல்லுமா."

"யாரு பேரு?"

"எதுவும் போடலாம். ஹீரோ பேரு, கிங் பேரு."

எனக்கு எந்த ராஜாவைத் தெரியும்? ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள்; சரித்திரப் பாடம் ஆறாம் வகுப்பில்தான் பெரிதாக வரும் என்று சொல்வார்கள். தெரிந்தவர்கள் பெயரைத்தான் சொன்னேன். முதலில் அண்ணன். அண்ணன் என்றே போடச் சொன்னேன். ஐந்து ஆங்கில எழுத்தில் அடங்கிவிட்டான். அடுத்தது இவர்.

"அப்பா பேர நீயே சொல்லுமா. ஸ்பெல்லிங் தெரியல" என்றான் சேகர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பழனியில நிக்கிறவர் பேரு" என்றேன்.

"பழனியில நெறைய பேரு நிப்பாங்க. பஸ் ஸ்டாண்டுலகூட நிப்பாங்க."

"அடி வாங்குவே."

சோபாவிலிருந்து இவர் சொன்னார்: "அவ சொல்ல மாட்டாடா. இருபது வருஷமா 'இந்தாங்க'தான் என் பேரு."

"அப்ப அதையே போட்டுடறேன்" என்று தட்டிவிட்டான். அன்று முதல் என் கணவர் பெட்டிக்குள் 'இந்தாங்க' ஆனார். இந்தாங்க வாளை வீசுகிறார், இந்தாங்க குறி தவறுகிறார் என்று ஆங்கிலத்தில் வரும். அதிகமும் குறி தவறுவார்.

மேரி அக்காவைப் பூசாரி ஆக்கியது சேகர்தான். காயத்தை ஆற்றுகிற மந்திரம் பூசாரிக்குத்தான் வரும். அக்கா கேட்டதும் கொதித்துப் போனார்.

"என்னாது, பூசாரியா? நான் வேதக்காரி லா!"

"ப்ரீஸ்ட், ஆன்ட்டி. உங்க ஃபாதர் மாதிரி."

"பொம்பளைய ஃபாதராக்குற ஊரு இதுதான் போல" என்றார். ஆனால் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், தன் மந்திரம் எத்தனை ஏறியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

கமலாவுக்கு மந்திரக்காரி வேலை. அவள் பத்தாவது வரைக்கும் படித்தவள். சேகர் தானே கேட்டுத் திருடன் ஆனான். பூட்டிய பெட்டியைத் திறக்கத் திருடன்தான் வேண்டுமாம். பெற்ற வயிறு ஒப்பவில்லை, விட்டுக்கொடுத்தேன். கண்டெடுத்த பொருள் நல்லதா, சபிக்கப்பட்டதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. தேக்கா மார்க்கெட்டில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற கைக்கு அது பொருத்தம்தான்.

3

இதில் என்ன சுகம் என்று கேட்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் சுகம், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உயிர் ஒரு எண்ணாக நிற்கிறது. அண்ணன் இருபது. கமலா ஒன்பது. அடி விழுந்தால் குறையும், ஆற்றினால் ஏறும். என்னைப் போலக் கவலைப்படுகிற பிறவிக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. ஊரிலிருந்து வருகிற கடிதத்தில் இந்த எண் இருக்காது. 'இங்கு யாவரும் நலம்' என்றுதான் எல்லாக் கடிதமும் ஆரம்பிக்கும். எங்கள் அம்மா காய்ச்சலில் படுத்த வருஷம் அண்ணன் போட்ட கடிதமும் யாவரும் நலம் என்றுதான் ஆரம்பித்தது. நாலாவது வரியில்தான் அம்மா இருந்தாள். நான் அதைப் படித்தபோது அவள் இல்லை. பெட்டி அப்படி ஏமாற்றாது. ஒன்று குறைந்தால் குறைந்தது என்று காட்டிவிடும்.

இரண்டாவது, உள்ளே யாரும் வெட்டியாக நிற்பதில்லை. முன்வரிசை மூன்று பேர் அடி வாங்குவார்கள். பின்வரிசைக்கு எதிரியின் கை எட்டாது, அவர்கள் மந்திரம் சொல்வார்கள். யாரை முன்னால் நிறுத்துவது என்றுதான் எனக்குத் தூக்கம் போகும். சேகரையும் கமலாவையும் பின்னால் நிறுத்தினேன், பிள்ளைகள். அண்ணனை முன்னால் நிறுத்தினேன். சின்ன வயதிலிருந்து அவன்தான் முன்னால் நின்றவன். வேறு மாதிரி நிறுத்த எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது, வரைபடம். பாதாளத்தில் எல்லாச் சுவரும் ஒரே மாதிரி இருக்கும். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு அடியாக நாமே வரைந்துகொண்டு போக வேண்டும். இங்கே வந்த புதிதில் எனக்கு எல்லா அடுக்குமாடி பிளாக்கும் ஒரே மாதிரித் தெரிந்தது. காய்கறிப் பையோடு வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டி நின்றிருக்கிறேன். அப்போது படம் வரைந்து கொடுக்க ஆள் இல்லை. இப்போது நான் வரைந்த படத்தை வைத்துக்கொண்டு பாலிடெக்னிக் படித்தவன் நடக்கிறான் என்றால் சும்மாவா?

இன்னொரு விளையாட்டும் வைத்திருந்தான். அதில் கப்பல் ஏறி ஊர் ஊராகப் போகலாம். போகிற ஊரில் எதிர்ப்படுகிற யாரையும் நிறுத்தி, உன் பெயர் என்ன, உன் வேலை என்ன என்று கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய் மூன்று ஜன்னலில் நின்று மூன்று ஜன்னலிலும் அடுத்த ஜன்னலைக் காட்டி அனுப்பப்பட்டவள் நான். அந்த ஊர்க்காரர்களை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

நான் வேலை செய்கிற தொழிற்சாலையில் எலக்ட்ரானிக் பலகையில் சின்னச் சின்ன உறுப்புகளைச் செருக வேண்டும். சேர்ந்த நாளில் எந்த நாற்காலியோ இன்றைக்கும் அதே நாற்காலி. பாதாளத்தில் எலியை அடித்தால்கூட அனுபவம் கூடும்; போதுமான அளவு கூடினால் ஒரு படி ஏறிவிட்டாய் என்று அதுவே சொல்லும். என்னிடம் அப்படிச் சொன்ன முதல் இடம் அது.

4

அந்த ஞாயிறு அண்ணனுக்கு உயிர் பதினொன்று இருந்தது.

"பதினொன்னு போதும்மா" என்றான் சேகர்.

எனக்குப் போதவில்லை. மேலே ஏறிப் போய்ச் சத்திரத்தில் தங்கினால் உயிர் ஏறும். ஆனால் அதற்குக் காசு வேண்டும். காசையெல்லாம் போட்டு அன்று காலையில்தான் இந்தாங்கவுக்கு இரும்புக் கவசம் வாங்கியிருந்தோம்.

"திரும்பிடலாம்டா" என்றேன்.

"ஒரே ஒரு கதவு பாக்கி இருக்கில்ல" என்றார் மேரி அக்கா. "தொறந்துதான் பாரேன் தம்பி. உள்ள என்னா, புலியா இருக்கப்போவுது?"

"பாத்தியா, ஆன்ட்டிக்குத் தைரியம் இருக்கு" என்று சேகர் கதவை உதைத்தான்.

உள்ளே தவளை. நான்கு பெரிய தவளை. எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது. இந்தாங்க வாளை வீசிக் குறி தவறினார். மேரி அக்கா கதாயுதத்தால் ஒன்றைச் சாய்த்தார். அண்ணன் ஒன்றைச் சாய்த்தான். மூன்றாவது தவளை அண்ணன் மேல் பாய்ந்தது. பன்னிரண்டு.

பதினொன்றில் பன்னிரண்டு போனால் என்ன வரும் என்று ஐந்தாம் வகுப்புக்காரிக்கும் தெரியும். அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் எண் இருந்த இடத்தில் ஓர் ஆங்கிலச் சொல் வந்து நின்றது. நான்கு எழுத்து. தொழிற்சாலையில் செத்துப்போன பலகைகளைப் போடுகிற தொட்டியில் அதைத்தான் எழுதி ஒட்டியிருப்பார்கள். அதனால் எனக்குப் படிக்கத் தெரியும்.

"அணைடா! அணை!" என்று கத்தினேன்.

சேகர் பாய்ந்து தட்டை இழுக்கப் போனான். நடந்ததைப் பெட்டி தட்டில் எழுதி வைப்பதற்குள் இழுத்துவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடும் என்று அவன் சிநேகிதர்கள் சொல்லியிருந்தார்களாம். கை போவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்து, கரகரவென்று கேட்டு, அடங்கிவிட்டது. எழுதியாகிவிட்டது.

"மாதாவே" என்றார் மேரி அக்கா.

மீதிப் பேர் எப்படியோ தப்பி, அண்ணன் உடம்பைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். பாதாளத்துக்கு மேலே உள்ள ஊரில் ஒரு கோயில் இருக்கிறது. செத்தவனைக் கொண்டு போனால் எழுப்பித் தருவார்கள். காணிக்கை இரண்டாயிரம் பொற்காசு. எங்கள் கையில் நாற்பதுகூட இல்லை.

"கொஞ்சம் குறைச்சு வாங்க மாட்டாங்களா?"

"ஃபுல் பேமெண்ட் மா."

"தவணையில?"

"இது வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்குறதா? டெம்பிள் லா."

தாயம் ஆடும்போது காய் வெட்டுப்பட்டால் மறுபடி தாயம் விழுகிறவரை காத்திருந்தால் போதும், தானாக இறங்கும். காசு கேட்காது. இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவன் வீட்டில் யாரும் தாயம் ஆடியிருக்க மாட்டார்கள்.

5

அன்று சாயங்காலம் சோறு இறங்கவில்லை. காரணம் இருந்தது. போன கடிதத்தில் கடைசியில், இடமில்லாமல் ஓரத்தில், அண்ணி எழுதியிருந்தாள்: உன் அண்ணனுக்கு நெஞ்சில் லேசாக வலி, வாயு என்கிறார்.

"பெட்டிக்குள்ள இருக்கிறதுக்கும் உன் அண்ணனுக்கும் என்னா சம்பந்தம்?" என்றார் இவர்.

"பேரு வெச்சோமே."

"என் பேரயுந்தான் வெச்சே. முன்னாடி நிறுத்தி தெனம் அடி வாங்க வெக்கிறே. எனக்காக நீ ஒண்ணும் பயப்படலியே?"

"நீங்க கண்ணு முன்னாடி இருக்கீங்க."

இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அண்ணன் வீட்டில் போன் இல்லை. பக்கத்து ரைஸ் மில்லில் உண்டு. ஆபரேட்டரிடம் சொல்லிக் காத்திருந்தேன். லைன் இல்லை என்றாள். மறுபடி கேட்டேன். லைன் இல்லை என்பதையே வேறு குரலில் சொன்னாள். மறுநாள் காலை மேரி அக்கா ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்: அண்ணன் உடல்நிலை, உடனே பதில். வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அதைத் தந்தி ஜன்னலில் கொடுத்தேன். அந்தப் பெண் பென்சிலால் ஒவ்வொரு சொல்லாகத் தட்டி எண்ணினாள். முகவரியும் சொல்தானாம், அதற்கும் காசு. கிராமம், தபால், தாலுகா, ஜில்லா என்று என் அண்ணன் வீட்டு முகவரி சேதியைவிட மூன்று மடங்கு நீளம். எரிச்சலில் எனக்கு வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை.

வந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தந்தி என்றால் சாவு. வேறு எதற்கும் தந்தி வராது. இங்கே பிறந்தநாளுக்கும் பரீட்சையில் தேறியதற்கும் தந்தி கொடுக்கிறார்கள். இருபது வருஷத்தில் எனக்கும் தந்தி என்பது வெறும் காகிதமாகிவிட்டிருந்தது.

புதன்கிழமை லைன் கிடைத்தது. மில்லில் அண்ணனைக் கூட்டி வந்தார்கள். குரலைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

"யாரு போயிட்டா?" என்றான், எடுத்ததும்.

"யாரும் போகல அண்ணே. நல்லா இருக்கியா?"

"எனக்கென்ன கேடு? எதுக்குத் தந்தி?"

"உனக்கு ஒடம்பு எப்படின்னு..."

"கடுதாசி போட வேண்டியதுதானே. மூடி மறைக்காதே தாயி. மாப்பிள்ளைக்கு ஏதுமா? சேகருக்கா? யாரு செத்தது, சொல்லு."

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "நீதான் அண்ணே" என்றேன்.



நிமிஷத்துக்கு நிமிஷம் காசு ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் என்றேன், விளையாட்டு என்றேன், ஆறு பேர், பெயர் வைத்தோம், உன்னை முன்னால் நிறுத்தியிருந்தோம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது. ஆனால் நிறுத்தினால் அழுதுவிடுவேன் போல இருந்தது.

"எது அடிச்சுச்சு?" என்று கேட்டான்.

"தவளை."



"கமலாவப் பொண்ணு பாக்க நேத்து அறந்தாங்கியிலேருந்து வர்றதா இருந்துச்சு" என்றான் மெதுவாக. "தந்திக்காரன் சைக்கிள விட்டு எறங்கினதுமே உன் அண்ணி மார்ல அடிச்சுக்கிட்டா. பிரிக்கக்கூட இல்ல. தெருவே கூடிருச்சு. வாத்தியாரு வந்து படிக்கிறதுக்குள்ள, அவுங்க கார் முக்குல நின்னு, ஒப்பாரியக் கேட்டுட்டு, அப்படியே திரும்பிப் போயிருச்சு. சகுனம் சரியில்லன்னு சொல்லி அனுப்பிட்டாக." பிறகு சொன்னான்: "தவளை."

போனை வைத்துவிட்டான்.

6

அதன் பிறகு அண்ணனிடமிருந்து கடிதம் இல்லை. நான் போட்டதற்குப் பதில் இல்லை. தீபாவளிக்குப் போட்டேன், பொங்கலுக்குப் போட்டேன், பெட்டிக்குள் உன்னை எழுப்பக் காசு சேர்க்கிறேன் என்றும் எழுதினேன். அண்ணி மட்டும் ஒரு தடவை, அவனுக்குத் தெரியாமல், கமலாவுக்கு வேறு இடம் பார்ப்பதாக நான்கு வரி எழுதினாள். பெட்டிக்குள் செத்துக் கிடந்தான், பெட்டிக்கு வெளியே பேசவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. அவனை எழுப்பிவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. கோபம்தான் அது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது. தவளை மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேகருக்கு அழைப்பு வந்தது. மொட்டை அடித்துவிட்டு கேம்ப்புக்குப் போனான். போவதற்கு முன் எந்த விசைக்கு என்ன வேலை என்று தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை சமைத்து இறக்கிவிட்டு நானே உட்கார்ந்தேன். முன்வரிசையில் ஆள் குறைந்தால் என்னாகும் தெரியுமா? பின்வரிசையிலிருந்து ஒருத்தர் தானாக முன்னால் வந்துவிடுவார். அண்ணன் இடத்தில் கமலா வந்து நின்றாள். ஒன்பது உயிர். அவளை வைத்துக்கொண்டு ஆழமாக இறங்க முடியுமா? படிக்கட்டு வாசலிலேயே சுற்றி, எலியை அடித்து, ஐந்தும் ஆறுமாகச் சேர்த்தேன். சேர்த்ததைச் சத்திரக்காரன் பிடுங்குவான். மேரி அக்காவுக்கு விஷம் ஏறி நானூறு போயிற்று. நடுவில் பெட்டியே ரிப்பேராகி ஜாலான் புசாரில் இரண்டு மாதம் கிடந்தது. 'அடுத்த வாரம்', 'அடுத்த வாரம்' என்று அந்தக் கடைக்காரன் சொன்னதற்கு அவன் மேல் இரண்டு தவளையை ஏவியிருக்கலாம்.

"நான் முன்னாடி நின்னு ஒதை வாங்குறேன். உன் அண்ணன் கோயில்ல சொகுசா படுத்திருக்கான்" என்பார் இவர். ஆனால் தாண்டிப் போகும்போது நின்று, தன் எண் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

சேகர் சனிக்கிழமை வருவான், சாப்பிடுவான், தூங்குவான், சிநேகிதர்களோடு வெளியே போவான். கேட்டதற்கு ஆங்கிலத்தில் பாதிப் பதில் வரும். ஒருநாள் என் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்:

"எதுக்குமா இவ்ளோ கஷ்டம்? இந்த அண்ணன அழிச்சிட்டு புது அண்ணன் போட்டுடலாம். சேம் நேம், சேம் பவர்."

"அது எப்படிடா அண்ணனாகும்?"

"இட்ஸ் ஜஸ்ட் எ கேம் லா மா."

பிறகு என் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தான். "சரி, வேற வழி சொல்றேன். புதுசா ஒரு ஆள உண்டாக்கினா அவன் கையில நூறு காசு போல குடுத்து அனுப்பும். அத வாங்கிட்டு ஆள அழிச்சிடு. மறுபடி ஒருத்தன். ஒரே மத்தியானத்துல டூ தவுசண்ட் வந்துடும். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

செய்து பார்த்தேன். ஒளிக்கவில்லை. பெயர் என்ன என்று கேட்டது. யார் பெயரையும் வைக்கப் பயம், அதனால் சும்மா இரண்டு எழுத்தைத் தட்டினேன். ஆள் பிறந்தான். பலம் ஒன்பது, அதிர்ஷ்டம் ஆறு, கையில் நூற்றுச் சொச்சம். ஊருக்குள் வந்து நின்றான். அழிக்கவா என்று கேட்டது.

சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை பைகளோடு புதிதாக வந்து நிற்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். நிலத்தை விற்று ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு வந்தவர்கள். வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல், ஒரு முகவரித் தாளை வைத்துக்கொண்டு, கடைக்காரரிடம் வழி கேட்பார்கள். காசை வாங்கிக்கொண்டு ஆளை அழிப்பது எப்படி என்று அந்த ஏஜெண்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் வேண்டாம் என்ற விசையைத் தட்டினேன். அவன் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறான், அவன் காசு அவனிடம். சேகரிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டான்.

7

போன வாரம் தபாலில் ஒரு பெரிய உறை வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். முகவரி அண்ணன் கையெழுத்து. வாசலிலேயே நின்று உடைத்தேன். கமலாவுக்குக் கல்யாணம். அறந்தாங்கி இல்லை, பேராவூரணி. மாப்பிள்ளை கூட்டுறவு வங்கியில் இருக்கிறான். நாங்கள் குடும்பத்தோடு வர வேண்டும் என்று அச்சில் இருந்தது.

பத்திரிகையின் பின்பக்கம் பேனாவில் எழுதியிருந்தான்: 'பெட்டிக்குள் நான் எழுந்தாச்சா? இங்கே பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க நிற்க வேண்டும். படுத்துக்கொண்டு செய்ய முடியாது. நெஞ்சு வலி வாயுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.'

அதைப் படித்துச் சிரித்தேன், அழுதேன். பிறகு கணக்குப் பார்த்து எரிச்சலானேன். ஒரு வருஷம் சேர்த்தும் கையில் ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு.

ஞாயிறு மத்தியானம் சேகர் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனான். பத்திரிகையை அவன் முன்னால் வைத்தேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படித்தான். இரண்டாவது தடவை பின்பக்கத்தைப் படித்தான்.

"மாமா ஜோக் அடிக்கிறாரா, சீரியஸா கேக்கிறாரா?"

"தெரியல."

"எவ்ளோ குறையுது?"

சொன்னேன்.

"அலாமக். புது ஆளு ஆறு பேர் போட்டா முடிஞ்சுது மா."

"வேணாம்."

"தெரியும் லா, தெரியும்" என்று பெருமூச்சு விட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். துப்பாக்கி துடைத்த எண்ணெய் வாசனை அவன் கையில் இருந்தது. "மேப் எங்க? அந்தத் தவளை ரூம் எங்க இருக்கு?"

"அங்க வேணாம்டா. கமலாவுக்குக் கல்யாணம். அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"சரி, கமலாவ மேலயே விட்டுட்டுப் போவோம். மாப்பிள்ள வீட்டுல கேட்டா கடைக்குப் போயிருக்கான்னு சொல்லு."

கமலாவைச் சத்திரத்தில் விட்டோம். அவள் இடத்துக்குத் திருடன் சேகர் முன்னால் வந்து நின்றான். நான் வேண்டாம் என்றேன். "தேர்ட்டி டூ இருக்கு மா எனக்கு. பாரு" என்றான். பார்த்தேன். முப்பத்திரண்டு இருந்தது. கேம்ப்பில் அவனுக்கு எவ்வளவு இருக்கிறது என்று காட்ட எந்தப் பெட்டியும் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

சாயங்காலம் வரை அடித்தோம். நடுவில் மேரி அக்கா வந்து தன் மந்திரத்தைத் தானே சொல்ல வேண்டுமென்று தகராறு செய்தார். இந்தாங்க இரண்டு தடவை குறி தவறாமல் அடித்தார். சோபாவிலிருந்து ஒரு கனைப்பு கேட்டது. தவளை அறையில் பூட்டிய பெட்டி ஒன்று இருந்திருக்கிறது. போன வருஷம் பயத்தில் அதைக் கவனிக்காமல் வந்துவிட்டோம். சேகர் திறந்தான். எல்லாம் சேர்த்து இருநூற்றைம்பது தேறியது.

அதற்குள் அவன் கேம்ப்புக்குத் திரும்ப வேண்டிய நேரமாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினான். கதவு மூடும்போது, "தனியா எறங்காதே மா, அடுத்த சண்டே வர்றேன்" என்று கத்தினான். அடுத்த ஞாயிறு வருவானா, தூங்குவானா, சிநேகிதன் கூப்பிட்டான் என்று போவானா, எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது. லீவு எழுதிக் கொடுத்தும் தொழிற்சாலையில் இன்னும் பதில் இல்லை.

அண்ணனுக்கு நேற்றுக் கடிதம் போட்டேன். 'இங்கு யாவரும் நலம்' என்று ஆரம்பிக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினேன். அண்ணே, நீ இன்னும் எழுந்திருக்கவில்லை. கோயிலுக்குக் கட்ட வேண்டியதில் இன்னும் பாக்கி, முந்நூற்று அறுபது பொற்காசு.